எட்டு லட்சத்தின் கதை: திருவிதாங்கூரின் போர்க்கடனும் குடிகள் சுமந்த பாரமும்

நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடி மலைக்குப் போகிறவர்கள் கல்லாற்றில் சற்று இறங்கி, பாறைகளுக்கிடையே ஓடும் தண்ணீரில் கால் நனைத்துவிட்டுத்தான் மேலே ஏறுவது வழக்கம். அந்தப் பக்கத்து மரங்களில் படர்ந்திருக்கும் மிளகுக்கொடியைப் பலர் பார்த்திருப்போம். கேரளத்தில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் அறிய வேண்டிய ஒரு பழைய கணக்கு இந்த மிளகிலிருந்துதான் தொடங்குகிறது.

1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்டவர்மர் 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களை வென்றார் என்று பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். அந்தப் படைக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. மிளகு வணிகத்தை அரசின் ஏகபோகமாக்கியது அதற்கு ஒரு முக்கிய வழி. விளைந்த மிளகை அரசு சொன்ன விலைக்கு அரசின் பண்டகசாலையில்தான் கொடுக்க வேண்டும். வெளியே விற்றால் குற்றம். அரசு வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசம் கஜானாவுக்குப் போயிற்று. பெயர்தான் வியாபாரம், விளைவித்தவனுக்கு அது வரிதான்.

1789 டிசம்பர் 29இல் திப்பு சுல்தான் நெடுங்கோட்டையைத் தாக்கினார். 1790 ஏப்ரலில் கோட்டை உடைந்தது. காரன்வாலிஸ் மைசூர் மீது போர் தொடுக்கவே திப்பு திரும்பிப் போனார். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்புவின் பாதி ராஜ்யமும் மூன்று கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பணமும் வென்றவர்கள் கைக்கு வந்தன. அப்படியும் கிழக்கிந்தியக் கம்பெனி, போர்ச் செலவில் திருவிதாங்கூரும் பங்கு தர வேண்டும் என்று கேட்டது.

அதோடு விட்டதா? 1795 உடன்படிக்கைப்படி கம்பெனிப் பட்டாளத்தின் செலவை ஆண்டுதோறும் திருவிதாங்கூர் ஏற்க வேண்டியதாயிற்று. 1805இல் அந்தத் தொகை ஆண்டுக்கு எட்டு லட்சம் ரூபாய் ஆயிற்று. பணம் சரியாக வராது என்று தோன்றினால் உள்நாட்டு நிர்வாகத்திலேயே தலையிடலாம் என்றும் எழுதிக்கொண்டார்கள். வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதைதான்.

அந்த உடன்படிக்கையை ஏற்றுக்கொண்ட திவான் வேலுத்தம்பி, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துத் தலக்குளத்தில் பிறந்தவர். செலவைக் குறைக்க 1804இல் நாயர் படையின் படியில் கைவைக்கப் பார்த்தார். படையே கலகம் செய்தது. பிறகு பாக்கி ஏறியது, ரெசிடெண்ட் மெக்காலேயின் நெருக்கடியும் ஏறியது. 1809 ஜனவரி 11இல் குண்டறை விளம்பரம் வெளியாயிற்று. போர் மூண்டது. கொல்லத்தில் முகாமிட்டிருந்த கம்பெனிப் பட்டாளம், திருவிதாங்கூர்ப் பணத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டே திருவிதாங்கூர்ப் படையைச் சுட்டது. பிப்ரவரியில் ஆரல்வாய்மொழி விழுந்தது. வேலுத்தம்பி மண்ணடியில் உயிர்விட்டார். கலகத்தை அடக்கிய செலவும் திருவிதாங்கூர் தலையிலேயே விழுந்தது. அடித்தவனுக்கு அடிபட்டவனே கூலி கொடுத்த மாதிரி!

1811இல் ரெசிடெண்ட் கர்னல் மன்றோவே திவானுமானார். கோயில் நிலங்களை அரசு எடுத்துக்கொண்டது அவர் காலத்தில்தான். கடன் அடைந்தது, எட்டு லட்சம் மட்டும் அடையவில்லை. அரை நூற்றாண்டு கழித்து, 1855இல், நிர்வாகச் சீர்கேட்டைக் காட்டி டல்ஹவுசி பிரபு ராஜ்யத்தையே எடுத்துக்கொள்ளும் பாணியில் எச்சரித்தார். கஜானா காலி, கம்பெனிக்கு வேறு பாக்கி. 1858இல் திவானான தஞ்சைத் தமிழகத்து மாதவராவ் நிலைமையைச் சரிசெய்தார். அப்போது ராஜ்யத்தின் ஆண்டு வருவாய் சுமார் 40 லட்சம். அதாவது குடிகள் கட்டிய ஐந்து ரூபாயில் ஒரு ரூபாய், அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முந்தைய போரின் வழியாக வந்த உடன்படிக்கைக்கே போயிற்று.

அந்தக் குடிகள் யார்? மிளகு விளைவித்தவர்கள், நாஞ்சில் நாட்டில் நெல் அளந்தவர்கள், தலைவரி கட்டிய நாடார், ஈழவர். மிளகு ஏகபோகம் 1860இல்தான் நீங்கியது. நூற்றுக்கு மேற்பட்ட சில்லறை வரிகள் 1865ஐ ஒட்டித்தான் ஒழிந்தன. அந்த வரிகள் எல்லாமே போருக்காக வந்தவை என்று சொல்ல முடியாது. ஆனால் கஜானா ஒன்றுதான். அதிலிருந்து எட்டு லட்சம் முதலில் போய்விட்டால், ஏழை மீதான வரியை நீக்க எந்தத் திவானுக்குத் துணிவு வரும்?

இது பழைய ராஜாக்கள் காலத்துச் சங்கதி மட்டும் அல்ல. 1971இல் வங்கதேச அகதிகளுக்காக நாம் போட்ட கடிதத்திலெல்லாம் கூடுதலாக ஐந்து பைசா தபால்தலை ஒட்டினோமே, பெரியவர்களுக்கு நினைவிருக்கும். முதல் உலகப் போருக்காக விற்ற கடன்பத்திரங்களின் பாக்கியைப் பிரிட்டன் 2015இல்தான் தீர்த்தது. 1914இல் சண்டைக்குப் போனவரின் கொள்ளுப்பேரனும் அதற்கு வரி கட்டியிருக்கிறான்.

நாட்டுக்குப் படையே வேண்டாம் என்பதல்ல நம் வாதம். நெடுங்கோட்டை உடைந்தபோது காவல் தேவைப்பட்டது உண்மை. ஆனால் போரின் வெற்றியைக் கல்லில் வெட்டுகிறார்கள். அதன் செலவைக் கணக்கு ஏட்டில் எழுதி மூடிவிடுகிறார்கள். நம் பிள்ளைகளுக்குக் குளச்சலையும் குண்டறையையும் சொல்லும்போது, அந்த எட்டு லட்சத்தையும் சேர்த்துச் சொல்லுவோம். நாளை யாராவது சண்டைக்குக் கொடி பிடித்தால், 'இதற்கு யார், எத்தனை வருஷம் கட்டப்போகிறார்கள்?' என்று கேட்க அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.