கொலைக்கார நாடு அமைதியானது எப்படி? எல்சால்வடாரில் ரவுடி வேட்டை! அப்பாவிகளும் உள்ளே போன பரிதாபம்!

ஒரு காலத்தில் பொழுது விடிந்தால் பிணம் விழும். பஸ் டிரைவர் முதல் பெட்டிக்கடைக்காரர் வரை மாமூல் கட்டினால்தான் உயிரோடு இருக்கலாம். மத்திய அமெரிக்காவின் குட்டி நாடான எல்சால்வடாரின் கதை இதுதான். மக்கள் தொகை சுமார் 60 லட்சம். ஆனா 2015-ம் ஆண்டில் மட்டும் அங்கே நடந்த கொலைகள் 6 ஆயிரத்து 600-க்கும் மேல்!

ரவுடிகள் வந்தது எப்படி?

1980-ல் தொடங்கிய உள்நாட்டுப் போர் 12 ஆண்டு நீடித்தது. உயிருக்குப் பயந்து லட்சக்கணக்கானோர் அமெரிக்காவுக்கு ஓடினார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஏழைக் குடியிருப்புகளில் வளர்ந்த பையன்கள் அங்கே கும்பல்களில் சேர்ந்தார்கள். எம்.எஸ்.13, பாரியோ 18 என்ற இரண்டும் அந்த நகரில் உருவானவைதான். 1990-களில் குற்றவாளிகளை அமெரிக்கா நாடு கடத்தியது. போரில் நொறுங்கிக் கிடந்த ஊரில் வேலையும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. கும்பல்கள் ஏரியா ஏரியாவாகப் பங்கு போட்டுக்கொண்டன.

மாமூல் ராஜ்யம்!

ஒரு கும்பலின் ஏரியாவில் இருப்பவர் அடுத்த கும்பலின் தெருவுக்குள் கால் வைக்க முடியாது. சொந்தக்காரர் வீட்டுக்குக்கூட சுற்றித்தான் போகணும். எதைப் பார்த்தாலும் வாயைத் திறக்கக்கூடாது. 2010-ல் தலைநகர் சான்சால்வடார் அருகே ஒரு பஸ்சை பயணிகளோடு கொளுத்தினார்கள். 10-க்கும் மேற்பட்டோர் கருகி பலியானார்கள். 2015 ஜூலையில் பஸ்கள் ஓடக்கூடாது என்று கும்பல்கள் உத்தரவு போட்டன. மீறிய டிரைவர்கள் கொல்லப்பட்டார்கள்.

இடையில் 2012-ல் கும்பல்களுக்குள் சமரசம் ஏற்பட்டது. கொலைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. ஆனா மாமூல் நிற்கவில்லை. சமரசமும் உடைந்தது.

ஒரே நாளில் 62 கொலை

2019-ல் அதிபரானவர் நயிப் புகேலே. ரவுடித் தலைவர்களோடு இவரது அரசு ரகசிய பேரம் நடத்தியதாக 2021 டிசம்பரில் அமெரிக்க நிதித்துறை குற்றம் சாட்டியது. புகேலே மறுத்தார். 2022 மார்ச் 26-ந்தேதி ஒரே நாளில் 62 பேர் கொல்லப்பட்டார்கள். நாடே அதிர்ந்தது. மறுநாளே அவசர நிலை!

அதன்பிறகு வாரண்டு இல்லாமல் யாரையும் பிடிக்கலாம். முன்பு 72 மணி நேரத்துக்குள் கோர்ட்டில் நிறுத்தணும். அது 15 நாள் ஆனது. 30 நாளுக்கு என்று வந்த அவசர நிலை மாதாமாதம் நீட்டிக்கப்பட்டு, ஆண்டுக்கணக்கில் ஓடியது. 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். 2023-ல் 40 ஆயிரம் பேரை அடைக்கக்கூடிய பிரமாண்ட ஜெயில் திறக்கப்பட்டது.

பலன் என்ன?

2024-ல் நாடு முழுக்க நடந்த கொலைகள் 114 என்கிறது அரசு கணக்கு. ராத்திரியில் குழந்தைகள் தெருவில் விளையாடுகிறார்கள். கடைக்காரர்கள் மாமூல் இல்லாமல் வியாபாரம் செய்கிறார்கள். பிப்ரவரி 2024 தேர்தலில் புகேலேவுக்கு 80 சதவீதத்துக்கும் மேல் ஓட்டு விழுந்தது. ரவுடிக்குப் பயந்து வாழ்ந்தவர்களுக்குத்தான் அந்த நிம்மதியின் அருமை தெரியும்.

மறுபக்கம்

பச்சை குத்தியிருந்தார், அந்த ஏரியாவில் குடியிருந்தார், யாரோ போனில் புகார் சொன்னார் என்பதற்காகவே பலரை அள்ளிக்கொண்டு போனார்கள். கூலித் தொழிலாளிகளும் இதில் சிக்கினார்கள். அப்பாவிகள் என்று சுமார் 8 ஆயிரம் பேரை விடுவித்துவிட்டதாக 2024-ல் புகேலேவே சொன்னார். அதுவரை அவர்கள் உள்ளே கிடந்தார்கள். சம்பாதிக்கும் ஆள் இல்லாமல் குடும்பம் நடுத்தெருவில் நின்றது.

சிறைக்குள் 300-க்கும் மேற்பட்டோர் இறந்ததாக மனித உரிமை அமைப்புகள் கணக்குச் சொல்கின்றன. 2023-ல் வந்த சட்டப்படி நூற்றுக்கணக்கானோரை ஒரே வழக்கில் கூட்டமாக விசாரிக்கலாம். இதில் தனி ஒருவர் 'நான் அவன் இல்லை' என்று நிரூபிப்பது எப்படி?

அங்கே கொலை குறைந்ததை யாரும் மறுக்க முடியாது. ஆனா மகன் உயிரோடு இருக்கிறானா என்றுகூட தெரியாமல், சோப்பும் துணியும் சாப்பாட்டுப் பொருளும் வாங்கிக்கொண்டு ஜெயில் வாசலில் நின்ற தாய்மார்களுக்கு யார் பதில் சொல்வது?