காலில் நோவு, முதுகில் காரணம்

ஜேடர்பாளையம் படுகை அணையில் காவிரி தேங்கி நின்று ராஜா வாய்க்காலாகப் பிரிந்து செல்லும் காட்சியைக் கண்டு மகிழ்ந்தோர் பலர். அவ்வாய்க்கால் நீரால் விளைந்த கரும்பையும் வாழைத்தாரையும் சுமப்போருடைய இடுப்பைப் பற்றி எண்ணியவர் சிலரே. கரும்புக்கட்டைத் தூக்கிய ஆள் ஒருநாள் நிமிர மாட்டாமல் நின்றுவிடுவான். சில தினங்களில் இடுப்புவலி தணியும். ஆனால் புட்டத்திலிருந்து குதிகால்வரை மின்னல்போல் ஒரு குடைச்சல் இறங்கத் தொடங்கும். வாயுப்பிடிப்பு என்பார்கள் எங்கள் பக்கத்தில். விளக்கெண்ணெய் தேய்ப்பர், வெந்நீர் வார்ப்பர், முற்காலத்தில் சூடும் போட்டனர்.

நோய் புதியதன்று. ஆயுர்வேத நூலோர் இதனைக் கிருத்ரசி என்றனர். கிருத்ரம் என்பது கழுகு. நோயுற்றவன் காலை இழுத்து இழுத்து நடப்பது கழுகு தரையில் நடப்பதை ஒத்திருக்கக் கண்டு வைத்த பெயர் என்பர். பெயர் வைத்தவர் நோயாளியை நன்றாக உற்றுநோக்கியவராகத்தான் இருக்கவேண்டும்!

மேனாட்டில் நேப்பிள்ஸ் நகரத்து மருத்துவர் கொடுக்னோ என்பார் 1764ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதி, இடுப்பு மூட்டின் நோவு வேறு, தொடைப் பெருநரம்பின் நோவு வேறு என்று பிரித்துக் காட்டினார். நரம்பு நோகிறது என்பது தெரிந்தது. ஏன் நோகிறது என்பது தெரிய மேலும் நூற்றெழுபது ஆண்டுகள் ஆயின. இடையில் முதுகெலும்பைத் திறந்து பார்த்த மருத்துவர் சிலர், உள்ளே குருத்தெலும்பு போன்ற துணுக்குகளைக் கண்டனர். அவற்றைக் கட்டி என்று எண்ணி அகற்றினர். நோயாளி குணமடைந்தான், காரணம் மட்டும் பிழையாக எழுதப்பட்டது.

அப்பிழையைத் திருத்தியவர்கள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து மருத்துவர் இருவர்: மிக்ஸ்டர், பார். ஒருவர் நரம்பு அறுவை வல்லுநர். மற்றவர் எலும்பு மருத்துவர். 1934ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட கட்டுரையின் சாரம் இது. முதுகெலும்புக் கண்ணிகளுக்கு இடையே மெத்தைபோல் வட்டுக்கள் உள்ளன. ஒவ்வொரு வட்டுக்கும் வெளியே நாரால் ஆன வளையம்; உள்ளே நுங்கு போன்ற கூழ். வளையம் கிழிந்தால் கூழ் பிதுங்கி, அருகே செல்லும் நரம்பின் வேரை நெருக்கும். நரம்பு நெருக்குண்ணும் இடம் முதுகு. மூளைக்கு நோவு தெரியும் இடமோ கால். எந்த வேர் நெருக்குண்டது என்பதைக் கால்விரலே சொல்லும். கட்டைவிரற் பக்கம் மரத்தால் ஐந்தாம் இடுப்பு நரம்பு. சுண்டுவிரற் பக்கம் மரத்தால் அதற்கும் கீழுள்ளது. காலில் எண்ணெய் தேய்த்தது ஏன் பயன்படவில்லை என்பது இப்போது விளங்குமன்றோ?

நம் நாட்டில் நரம்பு அறுவைக்கென முதற்றுறை 1949இல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் தோன்றியது. தோற்றுவித்தவர் டாக்டர் ஜேக்கப் சாண்டி. கனடாவின் மான்ட்ரியல் நகரில் பென்பீல்டு என்னும் பேரறிஞரிடம் பயின்றவர். மறு ஆண்டே சீர்காழியிற் பிறந்த டாக்டர் பா. ராமமூர்த்தி சென்னைப் பொது மருத்துவமனையில் அப்பணியைத் தொடங்கினார். 1951இல் இவ்விருவரும் வேறிருவரும் கூடி இந்திய நரம்பியற் கழகத்தை நிறுவினர். சேலத்தில் ரயிலேறிக் காட்பாடியில் இறங்கினால் வேலூர். ஒரு பெரிய நாட்டின் முதற்றுறை நம் ரயில்பாதையிலேயே அமைந்தது நம் நல்லூழ்.

தொடக்கத்தில் எலும்பை அகலமாகத் திறந்தே வட்டை அணுகினர். 1977ஆம் ஆண்டளவில் நுண்ணோக்கியின் துணையால் சிறு திறப்பின் வழியே செய்யும் முறை வெளிவந்தது. எனினும் கத்தியால் மட்டுமே இந்நோய் தீரும் என்று கருதிவிடலாகாது. நார்வே நாட்டு மருத்துவர் வெபர், அறுவை செய்துகொண்டாரையும் செய்துகொள்ளாதாரையும் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து 1983இல் முடிவு கூறினார். முதலாண்டில் அறுவை செய்துகொண்டார் நிலையே மேலாக இருந்தது. நான்காம் ஆண்டில் பெரிய வேற்றுமை இல்லை. பெரும்பாலோர்க்கு நோவு தானே தணியும் என்பது இதனாற் போந்த பொருள்.

இச்செய்தியை நான் எனக்குச் சாதகமாகவே எடுத்துக்கொண்டேன். இரண்டாண்டுகள் இடக்கால் குடைச்சலோடு பள்ளிக்குப் போய்வந்தேன். கரும்பு தூக்காத வாத்தியானுக்கும் வட்டுப் பிதுங்கும். உழைப்போடு வயதும் பரம்பரையும் சேர்ந்தே இதனை விளைவிக்கின்றன. "வாத்தியாரையா, முதுகுல கத்தி வெக்க மட்டும் விட்டுராதீங்க, காலே போயிருமுங்க" என்று அண்டை வீட்டு மூதாட்டி கூறியதும் என் அச்சத்துக்குத் துணையாயிற்று. பிறகு ஒருநாள் அணைப் பக்கம் உலவச் சென்று திரும்பும்போது, எதிரே வந்த சிறுவன், "ஐயா, ஒரு காலுல செருப்பக் காணோமுங்க" என்றான். அது எங்கே கழன்றதென்று எனக்குத் தெரியவில்லை. பாதத்தை மேலே தூக்கவும் இயலவில்லை.

மருத்துவர் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வலி மட்டும் என்றால் காத்திருக்கலாம், ஐயா. பாதம் வலுவிழந்த பின் காத்திருப்பது வேறு. குடைச்சல் தீரும் என்று நம்பிச் சொல்லலாம். மரத்துப்போன இடம் விழிக்கும் என்று வாக்களிக்க மாட்டேன்." இன்னொன்றும் கூறினார். மலசலம் கழியும் இடத்தைச் சுற்றி மரத்துப்போய்ச் சிறுநீரும் கட்டுப்படுமானால், அன்றைய தினமே மருத்துவமனை சேரவேண்டும். மறுநாள் வரை பொறுத்தலாகாது. இதனைக் கேட்கும் நேயர்கள் தத்தம் வீட்டாருக்கும் சொல்லிவைப்பாராக.

அறுவை முடிந்து கண்விழித்தபோது குடைச்சல் இல்லை. இரண்டாண்டுகளாக உடன் இருந்த ஒன்று இல்லாதது முதலில் திகைப்பாகவே இருந்தது. பாதத்தின் வலிமை ஐந்தாறு திங்களில் ஏறக்குறைய மீண்டது. நாமக்கல்லில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது; அம்மூதாட்டியின் மகனுக்கு இடுப்பு பிடித்தபோது அங்கே காட்டச் சொன்னேன். அவனுக்குக் கத்தி தேவைப்படவில்லை. ஆறு வாரத்தில் தணிந்தது. என் இடக்காற் கட்டைவிரல் இன்னும் மரத்தே இருக்கிறது. அணைப் பக்கம் போகும்போது வார் வைத்த செருப்பே அணிகிறேன்.