பழங்குடிப் பிள்ளைகளும் பள்ளி ஆசிரியரும்

பள்ளிக்கூடம் அறிவை வளர்க்கும் இடம் என்று நாம் நம்புகிறோம். ஆயுளின் பெரும்பகுதியை ஆசிரியத் தொழிலில் கழித்த நானும் அவ்வாறே நம்புகிறேன். ஆயினும் பள்ளிக்கூடமே ஓர் இனத்தாரின் மொழியையும் குடும்பத்தையும் குலைக்கும் கருவியானதுண்டு. கனடா நாட்டுச் சரித்திரம் அதற்குச் சான்று.

அந்நாட்டில் 1880-களிலிருந்து அரசாங்கம் பொருள் உதவ, கிறிஸ்தவத் திருச்சபைகள் பழங்குடிப் பிள்ளைகளுக்கென உறைவிடப் பள்ளிகளை நடத்தின. பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டனர். தாய்மொழி பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டனர். 1920-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அவர்களைக் கட்டாயமாகப் பள்ளிக்கு அனுப்ப வழிசெய்தது. அவற்றில் பயின்றோர் ஏறத்தாழ 1,50,000 பேர். காற்றோட்டமற்ற கட்டிடங்களில் காசநோயால் பிள்ளைகள் மடிவதை, டாக்டர் பீட்டர் பிரைஸ் என்னும் அரசாங்க மருத்துவர் 1907-லேயே எடுத்துரைத்தார். அரசாங்கம் தக்க பரிகாரம் செய்யவில்லை. கடைசிப் பள்ளி மூடப்பட்டது 1990-களின் பிற்பகுதியில்தான்.

தம் மக்களின் கல்வி தம் பொறுப்பில் இருக்கவேண்டும் என்று பழங்குடித் தலைவர்கள் 1972-இல் கோரினர். 1974-இல் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் பழங்குடியினரையே ஆசிரியராக்கும் பயிற்சியைத் தொடங்கியது. 2008-இல் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். உண்மை, நல்லிணக்க ஆணைக்குழு 2015-இல் 94 பரிந்துரைகளை வெளியிட்டது. பழங்குடியினரின் அறிவையும் கற்பிக்கும் முறையையும் வகுப்பில் இணைக்க ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க வேண்டும் என்பது 62-ஆவது பரிந்துரையின் ஒரு பகுதி.

இப்பயிற்சி எதற்கு என நீங்கள் வினவலாம். வகுப்பில் ஒரு பிள்ளை வாய் திறவாமல் இருக்கிறது. பெற்றோர் பள்ளிப் பக்கமே வருவதில்லை. சரித்திரம் அறியாத ஆசிரியர் பிள்ளையை மந்தம் என்பார். பெற்றோரை அக்கறையற்றவர் என்பார். அறிந்தவரோ, அந்தப் பாட்டி இளமையில் எந்தப் பள்ளியில் அடைபட்டிருந்தாரோ என்று எண்ணிப் பார்ப்பார். கிரீ, மோஹாக் என அவர்கள் பல இனத்தார், பல மொழியினர் என்பதையும் உணர்வார். ஊர் முதியவரிடம் சென்று, தாம் மாணவராக அமர்ந்து கேட்பார்.

பள்ளிக்கூடத்தால் நேர்ந்த தீங்கை மன்னிப்புச் சொல் ஒன்றே ஆற்றிவிடாது. பள்ளிக்கூடமே முன்னின்று ஆற்றவேண்டும். உங்களுள் சிலர் நாளை ஆசிரியராவீர்கள். பிள்ளையைத் திருத்தப் புகுமுன், அதன் மக்களின் கதையை முதலில் கற்றுக்கொள்ளுங்கள்.