50 ஹெர்ட்ஸில் ஓடிய ஆட்டங்கள்

புதுச்சேரி வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அங்கு வந்து சேர்ந்த வீடியோ கேம் கருவிகளின் போக்கை இந்த இரண்டு எண்களும் பெரிதும் தீர்மானித்தன. ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120 வோல்ட். அந்நாடுகளில் வாங்கிய பழைய கருவியின் அடாப்டரை இங்கே நேரடியாகச் செருகினால் அது கருகிவிடும். பிரான்ஸின் மின்சாரம் இங்குள்ளதைப் போன்றதே. 1962இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் வாழும் நகரம் இது. பாரிஸிலிருந்து உறவினர் கொண்டுவரும் கருவி மின்சாரத்தைப் பொறுத்தவரை தடையின்றி இயங்கும். சிக்கல் டி.வி.யில்தான். பிரான்ஸில் விற்ற மெகா டிரைவ் என்ற கேம் கருவி தனியொரு செருகுமுனை வழியாகப் படம் தந்தது. இந்திய டி.வி.கள் பெரும்பாலானவற்றில் அது இல்லை.

50 ஹெர்ட்ஸின் விளைவு இன்னும் ஆழமானது. பழைய டி.வி. தரங்கள் மின்சாரத்தின் அதிர்வெண்ணை ஒட்டி உருவானவை. இந்தியாவின் பால் (PAL) எனும் டி.வி. முறையில் திரை விநாடிக்கு 50 முறை வரையப்படும். அமெரிக்கத் தரத்திலும் அதைப் பின்பற்றிய ஜப்பானிலும் 60 முறை. திரையை எண்ணியே நகரும்படி எழுதப்பட்ட ஆட்டங்கள் இங்கே ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்தன. மெகா டிரைவின் சோனிக் ஆட்டம் அதனாலேயே மந்தமாக ஓடியது. இந்தியாவில் 1995இல் ஷா வாலஸ் நிறுவனம் அக்கருவியை 18,000 ரூபாய்க்கு விற்றது. அவ்வளவு கொடுத்தவர்களுக்கும் கிடைத்தது அந்த வேகம்தான்.

பெரும்பாலான வீடுகளுக்கு எட்டியவை, 1983இல் ஜப்பானில் வெளியான நின்டென்டோ ஃபேமிகாமின் மலிவு நகல்களே. கேசட்டைச் செருகி ஆடும் அவை மிகக் குறைந்த மின்சாரத்தையே கேட்டன. அதிலும் வீண் அதிகம். அடாப்டர் 9 வோல்ட் தரும். சில்லுகளுக்கு வேண்டியது 5 வோல்ட். மிச்சம் 4 வோல்ட்டை உள்ளிருக்கும் சீராக்கி வெப்பமாகவே கழித்துவிடும். நெடுநேரம் ஆடினால் பெட்டி சூடாவதற்கு அதுவும் ஒரு காரணம்.

2007 ஏப்ரலில் சோனி பிளேஸ்டேஷன் 3 கருவியை இந்தியாவில் 39,990 ரூபாய்க்கு வெளியிட்டது. அதன் முதல் வடிவம் ஆடும்போது சுமார் 200 வாட் இழுத்தது. அதாவது மூன்று மின்விசிறிகளுக்கு நெருக்கம். அதன்பின் வந்த ஆண்டுகளில் புதுச்சேரியைச் சூழ்ந்த தமிழ்நாட்டில் மின்வெட்டு கடுமையானது. புதுச்சேரியும் வெளியிலிருந்து வரும் மின்சாரத்தையே நம்பியிருக்கிறது. அதன் அரசுக்குச் சொந்தமான மின் நிலையம் காரைக்காலில் உள்ள 32.5 மெகாவாட் எரிவாயு நிலையம் மட்டுமே. மின்சாரத்தின் பெரும்பகுதி நெய்வேலி போன்ற மத்திய அரசு நிலையங்களிலிருந்து வருகிறது.

2009இல் வந்த பிளேஸ்டேஷன் 3இன் மெலிந்த வடிவம் அதே ஆட்டங்களை ஏறக்குறைய பாதி மின்சாரத்தில் ஓட்டியது. முதன்மைச் சில்லின் அளவு 90 நானோமீட்டர் நுட்பத்திலிருந்து 45 நானோமீட்டருக்குச் சுருங்கியதே அதற்கு முக்கியக் காரணம். திறன் துளியும் கூடவில்லை. ஆயினும் இந்தத் துறையின் மிகப் பெரிய முன்னேற்றங்களில் இதையும் சேர்க்க வேண்டும். 2020இல் வெளியான பிளேஸ்டேஷன் 5 பல மடங்கு வலுவுடன் மீண்டும் 200 வாட்டைத் தொட்டது. 2017இல் வந்த நின்டென்டோ ஸ்விட்ச், கையில் வைத்து ஆடும்போது 10 வாட்டுக்கும் குறைவாகவே எடுத்துக்கொள்கிறது.