நுண்துளை அறுவையில் பார்வை: கண்வில்லையிலிருந்து திரைக்கு வந்த வரலாறு

வயிற்றையோ மார்பையோ அகலத் திறக்காமல், அரை முதல் ஒரு சென்டிமீட்டர் வரை அகலமுள்ள சில துளைகளின் வழியே ஒரு நோக்குக்குழாயையும் மெல்லிய கருவிகளையும் செலுத்திச் செய்யப்படும் அறுவை, வயிற்றில் செய்யப்படும்போது லேப்ராஸ்கோப்பி என்றும், மார்பில் செய்யப்படும்போது தோராக்கோஸ்கோப்பி என்றும் வழங்குகிறது; இரண்டையும் குறிக்கத் தமிழில் நுண்துளை அறுவை சிகிச்சை என்ற பெயர் நிலைபெற்றுவிட்டது. இதன் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. ஆனால் திறந்த அறுவையில் மருத்துவரின் கண், கை, நோயுற்ற உறுப்பு ஆகிய மூன்றும் ஒரே நோக்கில் அமைந்திருந்தன என்பதையும், நுண்துளை அறுவை அந்த அமைப்பைக் கலைத்துவிட்டது என்பதையும் மனத்தில் கொண்டால், இதைப் பார்வையின் வரலாறாகவும் எழுத முடியும். கலைந்ததில் ஒரு பங்கை மீட்ட ஒவ்வொரு கண்டுபிடிப்பும் வேறொரு பங்கை விலையாகக் கேட்டது. படம் எவ்வளவு தெளிவானது என்பதைவிட, அது அறுவை மருத்துவரின் கண்ணுக்கும் கைக்கும் எந்த வகையில் வந்து சேர்ந்தது என்பதே விளைவுகளை அதிகம் தீர்மானித்துள்ளது என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

1901இல் ஜெர்மனியைச் சேர்ந்த கியார்க் கெல்லிங், ஒரு நாயின் வயிற்றுக்குள் காற்றைச் செலுத்தி, சிறுநீர்ப்பையைப் பார்ப்பதற்காக முன்பே உருவாக்கப்பட்டிருந்த நோக்குக்குழாயால் அதன் உள்ளுறுப்புகளைப் பார்த்தார். 1910இல் ஸ்டாக்ஹோம் மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஜேக்கோபியஸ் அதே முறையை மனிதர்களின் வயிற்றிலும் மார்பிலும் கையாண்டு அதன் விவரங்களை வெளியிட்டார். அவருடைய முறை முதன்முதலில் பரவலான பயன்பாட்டுக்கு வந்தது வயிற்று நோய்களுக்காக அல்ல, காசநோய்க்காக என்பது இன்று பலர் மறந்துவிட்ட செய்தி. மருந்தில்லாத அக்காலத்தில், நுரையீரலைச் சுற்றியுள்ள உறையினுள் காற்றைச் செலுத்தி, நோயுற்ற நுரையீரலைச் சுருங்கச் செய்து ஓய்வளிப்பதே முக்கியச் சிகிச்சைகளுள் ஒன்றாக இருந்தது. நுரையீரல் மார்புச் சுவரோடு நார்நாராக ஒட்டிக்கொண்டிருந்தால் அது சுருங்காது. ஜேக்கோபியஸ் மார்பில் இரண்டு துளைகளிட்டு, ஒன்றின் வழியே பார்த்துக்கொண்டே மற்றொன்றின் வழியே செலுத்திய சூட்டுக்கோலால் அந்த ஒட்டுகளைத் துண்டித்தார். பார்ப்பதற்கு ஒரு வழி, செய்வதற்கு வேறொரு வழி என்ற பிரிவினை, நுண்துளை அறுவை அனைத்துக்கும் அடிப்படையான அந்தப் பிரிவினை, இங்குதான் தொடங்குகிறது.

அவ்வறுவை காசநோய் நிலையங்களின் நோயாளிகளுக்காகவே உருவானது. சென்னையின் புறநகரான செம்பாக்கத்துக்குச் சில கிலோமீட்டர் தொலைவில், இன்று ஒரு ரயில் நிலையத்துக்கும் அதைச் சுற்றிய பகுதிக்கும் பெயராகவே ஆகிவிட்ட தாம்பரம் சானடோரியம் அத்தகைய நிலையங்களுள் ஒன்று. இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் காசநோய் நிலையம் நடத்தி, அங்கே 1917இல் கணிதமேதை ராமானுஜனுக்கும் சிகிச்சையளித்த மருத்துவர் சவுரிமுத்து, தாயகம் திரும்பி 1928இல் 12 படுக்கைகளுடன் இதைத் தொடங்கினார். 1937இல் அரசு இதை ஏற்றுக்கொண்டது. அதுவே இன்றைய அரசு நெஞ்சக மருத்துவமனை. ஸ்ட்ரெப்டோமைசின் முதலான மருந்துகள் வந்தபின் நுரையீரலைச் சுருக்கும் சிகிச்சை வழக்கொழிந்தது. சென்னைக் காசநோய் ஆய்வு மையம் 1959இல் வெளியிட்ட ஆய்வு, வீட்டிலிருந்தபடியே மருந்துண்ட நோயாளிகளும் நிலையங்களில் தங்கியவர்களுக்கு இணையாகக் குணமடைந்ததைக் காட்டி, சானடோரியம் என்ற ஏற்பாட்டுக்கே உலக அளவில் முடிவுரை எழுதியது. தோராக்கோஸ்கோப்பியும் அதனுடன் சேர்ந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளப்பட்டது. அது மீண்டு வருவதற்குக் காரணமான மாற்றங்கள் ஒளியியல் கூடங்களில் நிகழ்ந்தவை.

பழைய நோக்குக்குழாயில் இரண்டு குறைகள் இருந்தன. அதன் நுனியில் எரிந்த சிறு பல்பு மங்கலாகவும், அருகிலுள்ள திசுவைச் சுடும் அளவுக்குச் சூடாகவும் இருந்தது. குழாயினுள் இடைவெளி விட்டு வைக்கப்பட்ட மெல்லிய வில்லைகளோ கிடைத்த ஒளியிலும் பெரும்பகுதியை வழியிலேயே இழந்தன. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹரால்ட் ஹாப்கின்ஸும், பஞ்சாபின் மோகா நகரில் பிறந்த அவருடைய மாணவர் நரிந்தர் சிங் கபானியும், முடியளவு மெல்லிய கண்ணாடி இழைகளைக் கற்றையாக்கி, வளைந்த பாதையிலும் படத்தைக் கடத்த முடியும் என்பதை 1954 ஜனவரியில் நேச்சர் இதழில் வெளியிட்டனர். அந்த இழைக்கற்றையால் பல்பை உடலுக்கு வெளியே எடுத்துவிட முடிந்தது. எவ்வளவு வலிய விளக்கையும் தள்ளி வைத்து, அதன் ஒளியை மட்டும் உள்ளே அனுப்பலாம் என்பதால் இதற்குக் குளிரொளி என்று பெயர் வந்தது. ஹாப்கின்ஸ் மேலும் ஒருபடி சென்று, குழாயினுள் இருந்த காற்று இடைவெளிகளை நீண்ட கண்ணாடித் தண்டுகளால் நிரப்பி, வில்லைகளின் வேலையைத் தண்டுகளுக்கு இடையே உள்ள சிறு காற்றுப் பகுதிகளிடம் விட்டார். ஒளி பலமடங்கு கூடியது, படத்தின் ஓரங்கள் தெளிந்தன. 1960களில் ஜெர்மனியின் கார்ல் ஸ்டோர்ஸ் நிறுவனம் இவ்விரண்டையும் ஒரே கருவியில் இணைத்தது. இன்றைய அறுவை அரங்குகளில் உள்ள நோக்குக்குழாய்கள் பெரும்பாலும் அதன் வழித்தோன்றல்களே.

ஆயினும் பார்ப்பவர் ஒருவரே. நோக்குக்குழாயின் வெளிமுனையிலுள்ள கண்வில்லையில் ஒரு கண்ணை வைத்துக் குனிந்து நிற்கும் மருத்துவருக்கு மட்டுமே உள்ளே நடப்பது தெரியும். அவருடைய ஒரு கை குழாயைப் பிடித்திருக்க, வேலைக்கு மற்றொரு கை மட்டுமே மிஞ்சும். உதவியாளரும் செவிலியரும் பார்வையற்றவர்களாக அருகே நிற்பர். இந்தியாவில் 1970களின் இறுதியிலிருந்து பெருகிய குடும்பக்கட்டுப்பாட்டு முகாம்களில் கருக்குழாயில் வளையம் பூட்டிய மருத்துவர்கள் இப்படித்தான் பார்த்தனர். மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டெம்டன் உத்வாடியா 1972இல் நோயறியும் பொருட்டு லேப்ராஸ்கோப்பியைத் தொடங்கியபோதும் நிலைமை இதுவே. வயிற்றுக் காசநோயை வேறு வயிற்று நோய்களிலிருந்து பிரித்தறிய வயிற்றைக் கிழிக்க வேண்டியிருந்த நாட்டில், ஒரு துளை வழியே நேரில் பார்த்துச் சிறு திசுத்துண்டை எடுத்துவிட முடிந்தது எளிய பேறு அல்ல. உயர்ந்த சாதனங்கள் வரும்வரை காத்திராமல், இருந்த கண்வில்லையைக் கொண்டே ஏழை நோயாளிகளுக்கு ஒரு முறையை நிலைநாட்டிய அவருடைய பணி, தொழில்நுட்ப வரலாறுகளில் பெறும் இடத்தைவிடப் பெரிய இடத்துக்கு உரியது.

கண்வில்லையின் இடத்தில் கேமராவைப் பொருத்தும் முயற்சி 1960களிலேயே மெல்போர்னில் ஜியார்ஜ் பெர்சியின் கைகளில் தொடங்கியிருந்தாலும், ஒளியை மின்னேற்றமாக மாற்றும் சிறு சிலிக்கான் சில்லு, அதாவது சிசிடி, மலிவாகும்வரை அது பரவவில்லை. 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த இச்சில்லு 1980களில் மருத்துவக் கேமராவுக்குள் நுழைந்தது. எரிக் மூஹே 1985இல் ஜெர்மனியில் முதன்முறையாக லேப்ராஸ்கோப்பி வழியே பித்தப்பையை நீக்கினார். 1987இல் பிரான்சில் பிலிப் மூரே அதைச் செய்தபின் கேமராவின் துணையுடன் அம்முறை சில ஆண்டுகளிலேயே உலகெங்கும் பரவியது. இந்தியாவில் உத்வாடியா 1990 மே 31 அன்று அதைச் செய்தார்; அடுத்த சில ஆண்டுகளில் கோவையில் சி. பழனிவேலு தமிழகத்தில் இத்துறைக்கு வலுவான அடித்தளமிட்டார். கேமரா மருத்துவரின் இரண்டு கைகளையும் விடுவித்தது. உதவியாளர், செவிலியர், மாணவர் அனைவரும் ஒரே படத்தைப் பார்த்தனர். தனிமனிதப் பார்வை பொதுப்பார்வை ஆனது.

விலை என்ன என்பது மெதுவாகவே தெரிந்தது. ஒற்றை வில்லை வழியே வரும் தட்டையான படத்தில் ஆழம் இல்லை. துளை ஒரு நெம்புமையமாகச் செயல்படுவதால் கை இடப்புறம் நகர்ந்தால் கருவியின் நுனி வலப்புறம் நகர்ந்தது. எதைப் பார்ப்பது என்பதைக் கேமராவைப் பிடித்திருக்கும் வேறொருவர் தீர்மானித்தார். திரை எங்கே வைக்கப்பட்டதோ அங்கே மருத்துவரின் கழுத்து திரும்பியது. இவற்றுள் கடைசியானது மிக எளிதில் தீர்க்கக்கூடியதாக இருந்தும் நெடுங்காலம் கவனிக்கப்படவில்லை. ஸ்காட்லாந்தின் டண்டி நகரில் ஹன்னா, ஷிமி, குஷியெரி ஆகியோர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், திரை மருத்துவருக்கு நேரெதிரே, அவருடைய கைகளின் மட்டத்தில் தாழ்த்தி வைக்கப்பட்டபோது முடிச்சிடும் வேலை விரைவாகவும் செம்மையாகவும் நடந்தது. அக்காலத்துத் தொலைக்காட்சிப் பெட்டிகளோ கருவித் தள்ளுவண்டியின் உச்சியில், தலைக்கு மேலே அமர்ந்திருந்தன.

படத்தின் தெளிவு மட்டும் போதாது என்பதற்கு இதைவிட அழுத்தமான சான்று சான்பிரான்சிஸ்கோவிலிருந்து வந்தது. பித்தப்பை அறுவையில் ஈரலிலிருந்து குடலுக்குச் செல்லும் பொதுப் பித்தநாளம் தவறுதலாக வெட்டப்படுவது நோயாளியின் வாழ்நாள் முழுவதையும் பாதிக்கும் விபத்து. லாரன்ஸ் வே தலைமையிலான குழு 2003இல் இத்தகைய 252 நிகழ்வுகளை ஆராய்ந்து, அவற்றில் 97 விழுக்காட்டுக்கு அடிப்படை கைத்திறன் குறைவன்று, காட்சிப் பிறழ்ச்சியே என்று கண்டது. மருத்துவர் பொதுப் பித்தநாளத்தைத் தெளிவாகவே பார்த்திருந்தார். ஆனால் அதைப் பித்தப்பையின் நாளம் என்று உறுதியாக நம்பினார். அறுவை மருத்துவர் ஸ்டிராஸ்பெர்க் 1995இல் முன்வைத்த விதி, அதாவது பித்தப்பையின் அடிப்பகுதியை ஈரலிலிருந்து பிரித்து, அதனுள் இரண்டே இரண்டு குழாய்கள் மட்டும் நுழைவதைக் கண்ணால் உறுதிசெய்யும்வரை எதையும் வெட்டலாகாது என்ற விதி, கேமராவை மாற்றாமல் பார்க்கும் முறையை மாற்றியதால் முக்கியத்துவம் பெறுகிறது.

நோயாளியின் கிடக்கையை மாற்றியே காட்சியை மேம்படுத்த முடியும் என்பதைத் தமிழகத்திலிருந்து வந்த ஒரு பங்களிப்பு காட்டுகிறது. உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கான மார்பு அறுவையில் நோயாளியைப் பக்கவாட்டில் படுக்கவைப்பதே வழக்கம். அந்நிலையில் நுரையீரல் காட்சியை மறைக்கும், அதை ஒருவர் ஒதுக்கிப் பிடிக்க வேண்டும், கசியும் இரத்தமும் வேலை நடக்கும் இடத்திலேயே தேங்கும். நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்துச் செய்யும் முறையைக் குஷியெரி 1990களில் விவரித்திருந்தார். கோவை ஜெம் மருத்துவமனையின் பழனிவேலுவும் அவர் குழுவினரும் அம்முறையில் 130 நோயாளிகளுக்குச் செய்த அறுவைகளின் விளைவுகளை 2006இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரியின் இதழில் வெளியிட்டபின், அது பல நாடுகளில் பின்பற்றப்பட்டது. குப்புறப் படுத்த உடலில் புவியீர்ப்பே நுரையீரலைக் கீழே இழுத்துக்கொள்கிறது, இரத்தமும் அங்கேயே வடிகிறது, உணவுக்குழாய் மறைப்பின்றி மேலே தெரிகிறது. எந்த உற்பத்தியாளரின் விலைப்பட்டியலிலும் இடம்பெறாத இம்மேம்பாட்டை, பல கோடி ரூபாய்ச் சாதனங்களுக்கு இணையாக வைத்தே மதிப்பிட வேண்டும்.

சாதனங்களின் வளர்ச்சியும் நிற்கவில்லை. சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சில்லு கொண்ட கேமரா, இரத்தம், பித்தநீர், கொழுப்பு ஆகியவற்றின் நெருங்கிய நிற வேறுபாடுகளைப் பிரித்துக் காட்டியது. 625 வரிகள் கொண்ட பழைய பால் (PAL) தொலைக்காட்சி முறையின் இடத்தில் 1080 வரிகள் கொண்ட ஹெச்டி படமும், பின்னர் 2160 வரிகள் கொண்ட 4கே படமும் வந்தன. இங்கே ஒரு கணக்கு கவனத்துக்குரியது. நல்ல கண் பிரித்தறியும் மிகச்சிறு கோணம் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 32 அங்குலத் திரையின் உயரம் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் என்பதால், அதிலுள்ள ஹெச்டி படத்தின் ஒரு வரி ஏறக்குறைய 0.37 மில்லிமீட்டர், ஆகவே ஒன்றேகால் மீட்டருக்கு அப்பால் நிற்பவருக்கு அதே அளவுத் திரையில் 4கே படம் கூடுதல் நுணுக்கத்தைக் காட்டாது. பெரிய திரையோ, நெருங்கி நிற்கும் வசதியோ இல்லாத அரங்கில் அந்தச் செலவு வீணாகும்.

இழந்த ஆழத்தை மீட்கும் முப்பரிமாண முயற்சியின் கதையும் நேர்கோட்டில் செல்லவில்லை. மேற்சொன்ன டண்டி குழுவே 1998இல் லான்செட் இதழில், அன்றைய முப்பரிமாணக் கருவிகள் பித்தப்பை அறுவையில் எந்த நன்மையும் தரவில்லை என்று அறிவித்தது. இரு கண்களுக்கும் இரு தனிப் படங்களைத் தரும் டா வின்சி ரோபோ, மருத்துவர் அமர்ந்து குனிந்து பார்க்கும் மேசையில் கண்ணையும் கையையும் மீண்டும் ஒரே திசைக்குக் கொண்டுவந்தது. எனினும் அதில் பார்வை மறுபடியும் ஒருவரது தனியுடைமையை நோக்கி நகர்ந்தது. எடை குறைந்த முனைவாக்கக் கண்ணாடிகளுடன் வந்த புதிய முப்பரிமாணத் திரைகள், பிந்தைய சோதனைகள் பலவற்றில் நேரத்தையும் பிழைகளையும் குறைத்துள்ளன. இன்டோசயனின் கிரீன் என்ற சாயத்தை இரத்தக்குழாயில் செலுத்தினால் ஈரல் அதைப் பித்தநீருடன் வெளியேற்றும். அகச்சிவப்பு ஒளியில் பித்தநாளம் ஒளிர்வதைத் தகுந்த கேமரா காட்டும். வெறுங்கண்ணால் காண இயலாததைக் காட்டும் இவ்வசதி, வே குழு கண்ட பிறழ்ச்சிக்கு நேரடியான மருந்தாக அமையக்கூடியது.

செம்பாக்கம், சேலையூர், குரோம்பேட்டை போன்ற சென்னைப் புறநகர்ப் பகுதிகளின் நடுத்தர மருத்துவமனைகளிலும் இன்று பித்தப்பையும் குடல்வாலும் நுண்துளை வழியாகவே பெரிதும் நீக்கப்படுகின்றன. 2009இல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டமும் 2012இல் வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் அறுவைக்கு ஒரு நிலையான தொகை என்ற அடிப்படையில் ஏழைக் குடும்பங்களுக்குப் பல அறுவைகளைத் திறந்துவிட்டுள்ளன. வரம்புள்ள தொகையில் இயங்கும் மருத்துவமனை எதற்கு முதலில் செலவிட வேண்டும் என்ற கேள்விக்கு, மேலே கண்ட வரலாறு தெளிவான வரிசையைத் தருகிறது. திரையைத் தாழ்த்த உதவும் தாங்கி, அறுவைக்கு முன் வெள்ளைத் துணியைக் காட்டிக் கேமராவின் நிறத்தைச் சீர்செய்யும் வழக்கம், குளிர்ந்த வில்லை உடலின் வெப்பத்தில் ஆவி படியாதிருக்க வெந்நீர் நிறைந்த பிளாஸ்க், சுமார் 500 மணிநேரத்தில் மங்கும் செனான் விளக்கை உரிய காலத்தில் மாற்றுதல், முறிந்த இழைகள் கரும்புள்ளிகளாகத் தெரியத் தொடங்கியவுடன் ஒளிக்கற்றை வடத்தைக் கைவிடுதல் ஆகியவை புதிய கேமராவுக்கு முன்னே வர வேண்டியவை. இவற்றுக்கும் முன்னே வர வேண்டியது கேமராவைப் பிடிப்பவரின் பயிற்சி: 30 பாகை சாய்ந்த நுனியைச் சுழற்றி மறைவிடத்தைக் காட்டவும், அப்போது படத்தின் கிடைமட்டம் சாயாமல் காக்கவும், கருவியின் நுனியைத் திரையின் நடுவே வைத்திருக்கவும் அவர் ஒரு பயிற்சிப் பெட்டியில், நோயாளியின் உடலுக்கு வெளியே, கற்றுக்கொள்ள முடியும்.