மார்ட்டின் சட்டம்: கோயிலுக்கும் மண்டபத்துக்கும் வரும் புதிய கடமை

பயங்கரவாதம் என்ற சொல்லைத் தாங்கி வரும் எந்தச் சட்டத்தையும் நம்மவர்கள் ஐயத்தோடுதான் பார்ப்பார்கள். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் தந்த பழக்கம் அது. பிரித்தானியாவில் 2025 ஏப்ரல் 3ஆம் திகதி அரச அங்கீகாரம் பெற்ற சட்டத்தின் பெயரிலும் அந்தச் சொல் இருக்கிறது. ஆனால் இது ஆட்களைப் பிடித்து அடைக்கும் சட்டமல்ல. மக்கள் கூடும் இடங்களை நடத்துவோர் மீது பொறுப்புச் சுமத்தும் சட்டம். அங்கே கோயில், கலியாண மண்டபம், உணவகம் நடத்தும் தமிழர்களையும் இது தொடும்.

2017 மே 22 அன்று மன்செஸ்டர் அரங்கில் இசை நிகழ்ச்சி முடிந்து கூட்டம் வெளியேறிய வேளையில் குண்டு வெடித்து 22 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் 29 வயதான மார்ட்டின் ஹெட். அவருடைய தாய் ஃபிகன் மறே பல ஆண்டுகள் போராடிக் கொண்டுவந்ததால் இது 'மார்ட்டின் சட்டம்' என்றே அழைக்கப்படுகிறது. 2024இல் அவர் மன்செஸ்டரிலிருந்து லண்டனுக்கு நடந்தே போய்ப் பிரதமரைச் சந்தித்தார்.

சம்பவம் பற்றிய விசாரணையில் வெளிவந்த ஒரு விடயம் மனதை உறுத்துவது. பெரிய பையோடு இருந்த ஆளைப் பார்த்துச் சந்தேகப்பட்ட பொதுமகன் ஒருவர், வெடிப்புக்குச் சுமார் கால் மணி நேரம் முன்பே பணியாளர் ஒருவரிடம் அதைச் சொல்லியிருக்கிறார். இன்னொரு இளம் பணியாளர் வானொலிக் கருவியில் தகவல் கொடுக்க முயன்றும் இணைப்புக் கிடைக்கவில்லை. ஆபத்தைக் கண்ட கண்கள் அங்கே இருந்தன. கண்டதை உரியவரிடம் சேர்க்கும் வழி இருக்கவில்லை.

சட்டத்தின் அடிப்படைக் கணக்கு தலை எண்ணிக்கைதான். ஒரே நேரத்தில் 200 முதல் 799 பேர் வரை இருக்கக்கூடிய இடங்கள் சாதாரண நிலையில் வரும். 800 அல்லது அதற்கு மேல் என்றால் உயர்நிலை. பணியாளர்களும் தொண்டர்களும் இந்த எண்ணிக்கையில் சேர்த்தி. வழிபாட்டுத் தலங்களுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு: 800 பேருக்கு மேல் கூடினாலும் அவை சாதாரண நிலையிலேயே இருக்கும். பாடசாலைகளுக்கும் அப்படியே.

சாதாரண நிலையில் நான்கு நடைமுறைகள் வேண்டும். ஆட்களை வெளியேற்றுவது, வெளியே ஆபத்தென்றால் உள்ளே பாதுகாப்பான பகுதிக்குக் கொண்டுவருவது, கதவுகளைப் பூட்டித் தாக்குபவரைத் தடுப்பது, எல்லோருக்கும் தகவல் சொல்வது. இரண்டாவது நடைமுறை நம் காதில் வேறு விதமாக விழக்கூடும். 1995 ஜூலையில் நவாலித் தேவாலயத்தில் தஞ்சமடைந்தவர்கள் மீதுதான் குண்டு விழுந்தது. விமானக் குண்டுவீச்சையும் கத்தியோடோ துவக்கோடோ வரும் ஒருவனையும் ஒன்றாகக் கருத முடியாது. ஆனாலும் "உள்ளே வாருங்கள்" என்று ஒலிபெருக்கியில் கேட்டவுடன் நம் வயதானவர்களில் சிலர் வெளியே ஓடப் பார்ப்பார்கள் என்பதைக் கோயில் நிர்வாகிகள் மனதில் வைத்தே ஒத்திகை பார்க்க வேண்டும். அறிவிப்பைத் தமிழிலும் சொல்வது நல்லது.

உயர்நிலை இடங்களுக்குக் கண்காணிப்பு, ஆள் நடமாட்டக் கட்டுப்பாடு, எழுத்து மூலத் திட்டம் என்று வேலை கூடும். மீறினால் தண்டப்பணம் சாதாரண நிலையில் 10,000 பவுண் வரை. உயர்நிலையில் 18 மில்லியன் பவுண் அல்லது உலகளாவிய வருமானத்தில் 5 வீதம், இவற்றில் எது அதிகமோ அதுவரை. இந்தத் தொகையைக் காட்டிப் பயமுறுத்திக் கமராவும் இரும்புக் கதவும் விற்க யாராவது வரலாம். சாதாரண நிலையில் அப்படி எதையும் வாங்கும்படி சட்டம் கேட்கவில்லை. நியாயமாகச் செய்யக்கூடிய அளவுக்கு நடைமுறைகளையே கேட்கிறது.

இங்கே நிலைமை வேறு. 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்துக்கு வந்த குண்டுதாரியை உள்ளே விடாமல் தடுத்தவர், அங்கு வழிபட வந்த ஒருவர். முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்தவர்களோ கொழும்பில் இருந்தார்கள். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 100 மில்லியன் ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. பொலிஸ், புலனாய்வு உயரதிகாரிகளுக்கும் தனித்தனித் தொகை விதிக்கப்பட்டது. அந்தத் தீர்ப்பு கடமை தவறிய பின் வந்தது. பிரித்தானியச் சட்டம் கடமையை முன்பே எழுதிவைக்கிறது.

ஆயத்தத்துக்குக் குறைந்தது 24 மாதங்கள் கொடுக்கப்பட்டிருப்பதால் 2027 ஏப்ரலுக்கு முன் சட்டம் நடைமுறைக்கு வராது. வந்ததும் பொறுப்பாளர் யார் என்பதைப் பாதுகாப்புத் தொழிற்துறை அதிகார சபைக்கு அறிவிக்க வேண்டும். கோயில் சபைகள் அடுத்த திருவிழாவிலேயே கூட்டத்தை எண்ணிப் பார்க்கலாம். சனிக்கிழமைகளில் கட்டடத்தை வாடகைக்கு எடுக்கும் தமிழ்ப் பள்ளிகள், அவசரத்தில் கதவைப் பூட்டுவது யார், திறப்பு யாரிடம் என்று உரிமையாளரிடம் கேட்கலாம். அன்னதான நாளில் பின்கதவுக்கு முன்னால் கதிரைகளையும் அரிசி மூடைகளையும் அடுக்குபவர்கள் அவற்றை வேறு இடத்தில் வைக்க 2027 வரை காத்திருக்கத் தேவையில்லை.