ஐந்தாவது சில்லின் வரலாறு

தமிழ்நாட்டில் அதை ஸ்டெப்னி என்பார்கள். எங்கட பக்கம் ஸ்பெயார் வீல். நாவற்குடாவில் கராஜுக்குப் போய் "உதிரிச் சில்லு" என்று பாடப்புத்தகத் தமிழில் கேட்டால் வேலை செய்கிற அண்ணன்மார் ஒருக்கா நிமிர்ந்து பார்ப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் ஸ்டெப்னி என்ற சொல் ஒரு தெருவின் பெயர் என்பது அந்தச் சொல்லைத் தினமும் சொல்கிற சென்னை ஓட்டுநர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்றொரு ஊர். அங்கே ஸ்டெப்னி தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர்கள் தோமஸ் மொரிஸ் டேவிஸ், வோல்டர் டேவிஸ் என்ற இரண்டு சகோதரர்கள். 1904இல் இவர்கள் ஒரு பொருளைச் செய்தார்கள். அந்தக் காலத்துக் காரின் சில்லைக் கழற்ற ஏலாது. மரக்கம்பிச் சில்லு அச்சோடு நிரந்தரமாக இருக்கும். டயரில் காற்றுப் போனால் றோட்டோரத்தில் குந்தி, கம்பி கொடுத்து டயரை நெம்பிக் கழற்றி, டியூபை ஒட்டி, திரும்பப் போட்டு, கைப்பம்பால் காற்றடிக்க வேண்டும். குதிரை லாட ஆணி நிறைந்த றோட்டில் ஒரு பயணத்துக்குள் இதையே இரண்டு மூன்று தரம் செய்ய நேரும்.

டேவிஸ் சகோதரர்கள் செய்தது கம்பிகளே இல்லாத ஒரு வெறும் வளையம். அதில் ஏற்கனவே காற்றடித்த டயர் இருக்கும். காற்றுப் போன சில்லைக் கழற்றாமல் அதன் பக்கத்திலேயே இந்த வளையத்தைக் கொழுவி இறுக்கிவிட்டு ஓட வேண்டியதுதான். ஆக, முதலாவது ஸ்பெயார் வீல் மாற்றிப் போடுகிற சில்லாக இருக்கவில்லை, ஒட்டிப் போடுகிற சில்லாகவே இருந்தது. இலண்டன் டாக்சிகள் அதை வாங்கின. கம்பனி உலகம் முழுக்க முகவர்களை வைத்தது. கழற்றிப் பூட்டும் சில்லு வந்தபிறகு அந்தப் பொருளுக்கு வேலையில்லாமல் போனது. பெயர் மட்டும் இந்தியாவிலும் வங்காளதேசத்திலும் மால்ட்டாவிலும் தங்கிவிட்டது. பிரேசிலில் அது 'எஸ்டெப்பே' ஆனது.

இங்கே ஏன் அந்தப் பெயர் வேர்பிடிக்கவில்லை என்று எங்களுக்குள் வாதம் நடந்தது. முடிவு கிடைக்கவில்லை. ஆனால் டயருக்கும் இந்தத் தீவுக்கும் உள்ள உறவு ஒரு சொல்லை விடப் பழையது. பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் கொண்டுபோன றப்பர் விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, 1876இல் ஏறத்தாழ 1,900 கன்றுகள் இலங்கைக்குக் கப்பலேறின. கம்பஹா பக்கம் ஹெனரத்கொடையில் நட்டார்கள். ஆசியாவின் றப்பர்த் தோட்டங்களின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று அது. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி என்று மழை பெய்யும் பக்கமெல்லாம் றப்பர் பரவியது. எங்கட வரண்ட கரைக்கு அது வரவில்லை, நாங்கள் நெல்லோடும் தென்னையோடும் இருந்தோம்.

ஆனாலும் றப்பரின் கதை எங்கட கடலைத் தொட்டுத்தான் போனது. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. மலாயாவின் றப்பர் முழுக்க ஜப்பான் கையில். ஏப்ரல் 5இல் கொழும்பில் குண்டு, ஏப்ரல் 9இல் திருகோணமலையில் குண்டு. அதே 9ஆம் திகதி மட்டக்களப்புக் கடலில் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் மூழ்கடிக்கப்பட்டது. இன்றைக்கும் அது அங்கேதான் கிடக்கிறது. எங்கட மீனவர்களுக்கு அது மீன் நிற்கிற இடம், வெளிநாட்டவருக்குச் சுழியோடுகிற இடம். நேச நாடுகளின் கையில் எஞ்சிய பெரிய றப்பர்த் தோட்டம் இலங்கைதான் என்றாகிப் போனதால், மரம் செத்தாலும் பரவாயில்லை என்று பால் வெட்டினார்கள்.

இந்த இடத்தில்தான் ஐந்தாவது சில்லு ஒரு அரசாங்க எண்ணாக மாறுகிறது. அமெரிக்கா போர்க்காலத்தில் முதன்முதலில் பங்கீட்டுக்குக் கொண்டுவந்த பொருள் டயர். அது 1942 ஜனவரி. அந்த வருசக் கடைசியில் பெற்றோல் பங்கீடு நாடு முழுக்க வந்தபோது, ஒரு காருக்கு ஐந்து டயருக்கு மேல் தன்னிடம் இல்லை என்று உரிமையாளர் உறுதி கொடுக்க வேண்டியிருந்தது. மேலதிகமாக இருப்பதை அரசுக்கு ஒப்படைக்க வேண்டும். டயர் தேயக்கூடாது என்பதற்காக மணிக்கு 35 மைல் என்று வேகத்தையும் கட்டினார்கள். அவ்வளவு நெருக்கடியிலும் நான்கு என்று சொல்லாமல் ஐந்து என்று சொன்னதைக் கவனியுங்கள். ஸ்பெயார் வீலை ஆடம்பரம் என்று அந்த அரசு கணக்கெடுக்கவில்லை.

போருக்குப் பிறகு 1952இல் சீனாவோடு செய்த றப்பர் - அரிசி ஒப்பந்தம் பற்றிப் பள்ளியில் படித்திருப்போம். வருசத்துக்கு 50,000 தொன் றப்பர் போகும், 270,000 தொன் அரிசி வரும். நெல் விளைகிற மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது கொஞ்சம் சிரிப்பு வரத்தான் செய்கிறது. பிறகு சோவியத் உதவியோடு களனியில் அரச டயர்த் தொழிற்சாலை வந்தது. 1977க்கு முந்திய மூடிய பொருளாதாரத்தில் புதுக் கார் என்பதே கனவு. மொறிஸ் மைனரும் ஒஸ்டினும் தலைமுறை மாறி ஓடின. டயரை ரீபில்ட் பண்ணி ஓடினார்கள். ரீபில்ட் பண்ணின டயர் முன்னுக்கு, அதைவிட மோசமானது பின்னுக்கு, எல்லாவற்றிலும் மோசமானது டிக்கிக்குள் என்பதுதான் அந்தக் காலத்து ஒழுங்கு. ஸ்பெயார் வீல் என்றால் செத்த டயர் என்ற எண்ணம் எங்கட ஆட்களுக்கு அப்போது ஏறியது. இன்னும் இறங்கவில்லை.

இனி நான்கு சில்லும் இழுக்கிற வாகனத்துக்கு வருவோம். 1948 ஏப்ரலில் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லான்ட் ரோவர் அறிமுகமானது. அதன் ஸ்பெயார் வீலை பொனட்டுக்கு மேலேயே கிடத்தலாம். பார்த்தால் வடிவுக்குப் போட்டது போல இருக்கும், ஆனால் அது முழு அளவுச் சில்லு, கைக்கெட்டும் இடத்தில். எங்கட தலைமுறைக்கு இந்தக் காட்சி 2004 சுனாமிக்குப் பிறகுதான் பழக்கம். கல்லடி, நாவலடி எல்லாம் அழிந்து கிடந்த மாதங்களில் மட்டக்களப்பு நகரம் வெள்ளை லான்ட் குறூசர்களால் நிரம்பியது. பின்கதவில் ஒரு முழுச் சில்லு, சிலவற்றில் கூரையில் இன்னொன்று. "நிறுவனத்து வாகனம்" என்று பிள்ளைகள் தூரத்திலேயே அடையாளம் சொல்வது அந்தப் பின்கதவுச் சில்லை வைத்துத்தான்.

அது வெறும் படம் காட்டலா? அப்போதைய றோட்டை நினைத்துப் பாருங்கள். வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரை. மண்முனைப் பாலம் 2014இல்தான் திறந்தது. அதுவரை மண்முனைத்துறையில் பாதைதான். (வெளியூர் வாசகர்களுக்கு: எங்கட ஊரில் 'பாதை' என்றால் வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவை. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு இப்போதும் பாதையில் போகலாம்.) பாதையால் இறங்கினால் கிரவல் றோட்டு, அதற்குப் பிறகு வயல் வரம்பை ஒட்டிய மண் றோட்டு. கொழும்புப் பக்கம் போவதென்றால் புணானை, வெலிக்கந்தை என்று ஆளில்லாத காட்டு றோட்டு. அங்கே ஒரு சில்லு போனால் யாரைக் கூப்பிடுவது?

சரி, ஸ்பெயார் வீல் வேண்டும். ஏன் முழு அளவாக இருக்க வேண்டும்? இதில்தான் எங்களுக்கு மிகப் பிடித்த பகுதி இருக்கிறது.

வாகனம் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சில்லு கூடத் தூரம் ஓடும், உட்பக்கச் சில்லு குறையத் தூரம் ஓடும். இந்த வித்தியாசத்தைத் தாங்கத்தான் டிபரன்சியல். நான்கு சில்லும் எப்போதும் இழுக்கிற வாகனத்தில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவிலும் இன்னொரு டிபரன்சியலோ, பிசுக்கான சிலிக்கன் எண்ணெய்க்குள் தட்டுகள் சுழலும் ஒரு இணைப்போ, மின்னால் இறுக்கும் கிளச்சோ இருக்கும். வளைவு வரும், சில விநாடி வித்தியாசத்தைத் தாங்கும், பிறகு ஓய்வு. அப்படி நினைத்துச் செய்ததுதான் அது.

நான்கில் ஒரு சில்லு சின்னதாகப் போனால் அந்த ஓய்வு இல்லை. நேர் றோட்டிலும் வாகனம் தான் எப்போதும் வளைவில் போவதாகவே நினைக்கும். கணக்கைப் பாருங்கள். 215/60 ஆர் 16 டயரின் விட்டம் ஏறத்தாழ 664 மில்லிமீற்றர். அதே டயர் 5 மில்லிமீற்றர் தேய்ந்தால் விட்டம் 654. புதியது கிலோமீற்றருக்கு 479 தரம் சுற்றும், தேய்ந்தது 486 தரம். ஏழு சுற்றுத்தானே என்று நினைப்போம். மட்டக்களப்பிலிருந்து கொழும்பு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். போய்ச் சேரும்போது இரண்டாயிரம் சுற்றுக்கு மேல் வித்தியாசம். அதில் ஒரு பங்கு அந்த நடு இணைப்புக்குள் உராய்ந்து சூடாகிறது. சுபாரு தன் வாகனங்களுக்கு நான்கு டயரின் சுற்றளவு வித்தியாசம் கால் அங்குலத்துக்குள், அதாவது 6 மில்லிமீற்றருக்குள் இருக்கச் சொல்கிறது. மேலே சொன்ன 5 மில்லிமீற்றர்த் தேய்மானம் சுற்றளவில் 31 மில்லிமீற்றர்.

ஒரே அளவு டயரிலேயே இப்படி என்றால், 'டி' எழுத்து அடித்த அந்த மெல்லிய தற்காலிகச் சில்லை என்ன சொல்வது! பெற்றோல் விலை ஏறிய 1970களுக்குப் பிறகு, பாரமும் இடமும் குறைய வேண்டும் என்று அது பரவியது. 60 பிஎஸ்ஐ காற்று, மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேல் கூடாது, கிட்டிய டயர்க்கடை வரைக்கும்தான். பழைய ஓட்டோ கியர் சுபாருக்களில் இதற்கென்றே ஒரு ஏற்பாடு இருந்தது. எஞ்சின் பக்கத்து பியூஸ் பெட்டியில் ஒரு வெற்று இடம். அதில் ஒரு பியூசைச் செருகினால் பின்சில்லுகளுக்கு இழுவை போகாது. நாற்சில்லு வாகனம் என்று காசு கொடுத்து வாங்கி, சேற்றில் நிற்கும்போது அதை இருசில்லு ஆக்குவது!

பழைய லான்ட் ரோவர், பஜெரோ, டபிள் கப் வைத்திருப்பவர்கள் இவ்வளவு பயப்படத் தேவையில்லை. பெரும்பாலானவற்றில் முன்சில்லு இழுவையை லீவரால் விடுவிக்கலாம். சாதாரண றோட்டில் அப்படித்தான் ஓடுகிறார்கள். பயம் 'ஓல் வீல் டிரைவ்' என்று பின்பக்கம் எழுதி வருகிற புதிய சின்ன ஜீப்புகளுக்குத்தான்.

ஸ்பெயார் வீல் முழு அளவு என்பதாலேயே காரியம் முடியாது என்பதும் அந்தக் கணக்கில் ஒளிந்திருக்கிறது. பத்து வருசம் டிக்கிக்குள் கிடந்த புதுச் சில்லும், 5 மில்லிமீற்றர் தேய்ந்த மூன்று சில்லும் ஒன்றுக்கொன்று ஒத்துப் போகாது. அதனால்தான் டயரை இடம் மாற்றும்போது ஐந்தையும் சேர்த்துச் சுற்றுங்கள் என்று பழைய ஜீப் ஓட்டுநர்கள் சொல்வார்கள். ஐந்தும் ஒரே வேகத்தில் தேயும். செலவு கூடுவதுமில்லை.

ஜப்பானிலிருந்து இறங்கிய பல கார்களில் இப்போது ஸ்பெயார் வீலே கிடையாது. டிக்கி மட்டையைத் தூக்கினால் பசைப் போத்தல் ஒன்றும் சின்னக் கம்பிரஷர் ஒன்றும். ஹைபிரிட் என்றால் சொல்லவே வேண்டாம், பற்றரி அந்த இடத்தையும் பிடித்துக்கொள்ளும். ஜப்பானில் அது சரிவரலாம், தொலைபேசியில் கூப்பிட்டால் ஆள் வரும். அந்தப் பசை டயரின் தட்டைப் பக்கத்தில் ஆணி குத்திய சின்ன ஓட்டையை அடைக்கும். கிரவல் கல் பக்கவாட்டில் கிழித்தால் அதனால் ஒன்றும் ஆகாது. போத்தலுக்குக் காலாவதித் திகதியும் உண்டு.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, கிட்டத்தட்ட ஐந்து வருசம் புது வாகனம் இல்லாமல் நாடு ஓடியது. 2022 ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. டயர் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்கள் எத்தனையோ பேர். அந்த நாட்களில் டிக்கிக்குள் கிடந்த ஐந்தாவது சில்லை எடுத்து நான்காவதாக ஓடியவர்களை நாவற்குடாவிலேயே பார்த்தோம். ஓடட்டும், வேறு வழியில்லை. ஆனால் பலர் இன்னும் அந்த வெற்று இடத்தை நிரப்பவில்லை. படுவான்கரையிலிருந்து பிள்ளைப்பேற்றுக்கு ஆளை ஏற்றிக்கொண்டு இராத்திரி வருகிற வானும் அதில் அடக்கம்.

உங்கட வீட்டு வாகனத்தின் டிக்கியை இன்றைக்குத் திறந்து பாருங்கள். சில்லு இருந்தால் டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் அடித்திருக்கும். முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் வருசம். 3214 என்றால் 2014ஆம் வருசத்து 32ஆவது வாரம் செய்தது. அளவு மற்ற நான்கோடு ஒக்குதா என்று பாருங்கள். காற்றைக் குத்திப் பாருங்கள். ஜக் இருக்கும், வீல் நட் சாவியைத்தான் யாராவது இரவல் வாங்கிப் போயிருப்பார்கள்.